சொன்வூவின் உம்மா

கொரிய நாடகங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று ஆசிரியர் ஓய்வறையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "சேர், நீங்களுமா?" என்று கேட்டா ஓர் இளம் ஆசிரியை. நானுந்தான். ஆனால் எங்கள் வீட்டில் இந்தப் பழக்கத்தைத் தொடக்கி வைத்தது நானுமில்லை, எல்லாரும் நினைக்கிற மாதிரி மகளுமில்லை; உம்மா. ரூபவாஹினியில் 'சுஜாத தியணி' ஓடிய காலத்தில், நாடகம் தொடங்குமுன் சமையல் வேலையெல்லாம் முடித்துவிட்டு டீவிக்கு முன்னால் வந்து குந்திவிடுவா. கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சி 2003இல் ஒளிபரப்பத் தொடங்கிய 'தே ஜங் கும்' தொடரின் சிங்களப் பெயர்தான் அது. அரண்மனைச் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை அரசனுக்கே வைத்தியம் பார்க்கிறவளாக உயருகிற கதை, 54 அத்தியாயம். உம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. கதை முழுசாக விளங்கியது.

இப்போது உயர்தரம் படிக்கிற மகளின் முறை. அவ பார்ப்பதில் பாதி எனக்குப் பிடிக்காது. பெரிய கம்பனிக்காரனின் மகன் ஏழை வீட்டுப் பிள்ளையைக் காதலிப்பான்; அவனுடைய தாய் காசு உறையை நீட்டி 'என் மகனை விட்டுப் போ' என்பாள். எங்கள் வீடுகளில் பின்னேரம் முழுக்க ஓடுகிற இந்தியத் தொடர்களின் வெள்ளைக்காரத் தோல் பூசிய வடிவங்கள் இவை. ஒரு வித்தியாசம் உண்டு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கொரியத் தொடர் முடியும். பெரும்பாலும் பதினாறு அல்லது இருபது அத்தியாயம், பெரும்பாலும் ஒரே எழுத்தாளர். முடிவு எங்கே என்று தெரிந்து எழுதப்பட்ட கதையில், முதல் நாள் வைத்த ஒரு கோப்பைக்குக்கூடக் கடைசியில் வேலை இருக்கும். ஐந்நூறு, அறுநூறு என்று போகிற தொடரில் பாத்திரங்கள் செத்துப் பிழைப்பதைத் தவிர வேறென்ன செய்ய ஏலும்?

பார்க்கத் தகுந்தவை என்று நான் மூன்றைச் சொல்வேன். அதிலும் ஒன்றைப் பற்றித்தான் விரிவாகக் கதைக்க வேண்டியிருக்கிறது.

அது 'ரிப்ளை 1988'. 2015 நவம்பரில் டிவிஎன் அலைவரிசையில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்தது. எழுதியவர் லீ ஊ-ஜொங், இயக்கியவர் ஷின் வொன்-ஹோ. சோல் நகரின் சங்முன்-தொங் என்ற பகுதியில் ஓர் ஒழுங்கை. அதில் ஐந்து குடும்பங்கள். ஒலிம்பிக் நடந்த 1988ஆம் வருடம். வில்லன் கிடையாது. கடத்தல், கொலை, மாறிப்போன குழந்தை எதுவும் கிடையாது. முதல் அத்தியாயத்திலேயே ஒரு காட்சி: இராச்சாப்பாட்டு நேரம். ஒரு தாய் தான் ஆக்கிய கறியைக் கோப்பையில் போட்டு 'பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வா' என்று பிள்ளையை அனுப்புகிறாள். அந்த வீட்டுத் தாய் வெறுங்கோப்பையைத் திருப்பி அனுப்புவாளா? இப்படியே பிள்ளைகள் ஒழுங்கையில் ஏறி இறங்கி, கடைசியில் எல்லா வீட்டு மேசையிலும் எல்லா வீட்டுக் கறியும் வந்துவிடுகிறது. இதற்கு எல்லாரும் ஒன்றாகவே இருந்து சாப்பிடலாமே என்று ஒரு பொடியன் அலுத்துக்கொள்கிறான். நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு வேலிக்கு மேலால் கோப்பை கைமாறிய வளவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சிக்கு உபதலைப்பு தேவையில்லை. இன்று அந்த வேலி இருந்த இடத்தில் ஆறடி மதில். அது வேறு கதை.

இரண்டாம் அத்தியாயத்து மரண வீட்டையும் சொல்ல வேண்டும். கதாநாயகி டொக்சுனின் மூத்தம்மா, அதாவது தகப்பனின் தாய், மௌத்தாகிவிடுகிறா. அழுதுகொண்டு ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்கு அங்கே அதிர்ச்சி. தகப்பனும் மாமிமாரும் வந்தவர்களை வரவேற்றுச் சாப்பாடு கொடுத்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்குக் கவலையே இல்லையா? இரவு அமெரிக்காவிலிருந்து மூத்த சகோதரன் வந்து சேர்கிறான். அவனைக் கண்டதும் அத்தனை பேரும் உடைகிறார்கள். பெரியவர்கள் வேலை இருக்கும்வரை தாங்குவார்கள், தன்னைவிட மூத்தவர் வந்த பிறகுதான் பிள்ளையாகி அழுவார்கள் என்பதை அந்தக் காட்சி காட்டிவிடுகிறது. எங்கள் எழுத்தாளர் எவரும் மையத்து வீட்டை இவ்வளவு கிட்ட நின்று எழுதியதாக எனக்கு ஞாபகமில்லை.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது சொன்வூவின் தாய். பெயர் சொன்யொங். புருஷன் இல்லை. பதினேழு பதினெட்டு வயது மகன் சொன்வூ, கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு மகள். மாமியாரால் நிம்மதியில்லை. சமைக்கத் தெரியாது, மகன் ஒரு சொல் குறைசொல்லாமல் தின்னுவான். சொன்யொங்கின் தாய் ஊரிலிருந்து பார்க்க வருகிறாள் என்று தெரிந்ததும், கஷ்டம் தெரியக்கூடாது என்று அயலவர்களிடம் சாமான் கடன் வாங்கி வீட்டை நிரப்புகிறாள். தாய் எல்லாவற்றையும் கண்டுகொண்டு, ஒன்றும் கேட்காமல், காசை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பிறகு வருகிற தொலைபேசி அழைப்பைப் பார்த்துவிட்டு என் மனைவி அன்றிரவு அவவுடைய உம்மாவுக்கு எடுத்துப் பேசினா.

அதே ஒழுங்கையில் தேக் என்ற பொடியனின் தகப்பன் மூசொங். மனைவியை இழந்தவர், வாய் பேசாதவர், சொன்யொங்கின் சொந்த ஊர்க்காரர். அவளுடைய வீடு கடனில் போகப் பார்க்கும்போது காசு கொடுத்து மீட்கிறார். அவர் நோயில் விழுந்தபோது அவள் போய்ப் பார்க்கிறாள். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு விருப்பம் என்பது ஒழுங்கைக்கே தெரியவருகிறது. சொன்வூவுக்குப் பிடிக்கவில்லை. இவன் கெட்ட பிள்ளை இல்லை என்பதுதான் விசேஷம். மாணவர் தலைவன், படிப்பில் கெட்டிக்காரன், தாய்க்கு உயிர். அந்த உயிரான அன்புதான் வழியில் நிற்கிறது. மூசொங்கைக் கண்டால் அவன் முகம் மாறும். செத்துப்போன தகப்பனின் இடத்துக்கு இவன் காவல். நாடகம் அவனை ஏசுவதுமில்லை, அவசரப்படுத்துவதுமில்லை. தாயை ஒரு மனுசியாகப் பார்க்கிறதுக்கு அவனுக்கு நேரம் கொடுக்கிறது. காலம் தாவி 1990களுக்குப் போகும்போது இரு வீடும் ஒரே குடும்பமாகியிருக்கிறது.

இதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ஜொசொன் அரச காலத்தில், மறுமணம் செய்த பெண்ணின் ஆண்மக்கள் அரச உத்தியோகப் பரீட்சைக்குத் தோற்றக்கூடாது என்று 1485இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தொகுப்பில் எழுதி வைத்தார்கள். பெண்ணுக்கு நேரடித் தண்டனை வேண்டியிருக்கவில்லை. மகனின் எதிர்காலத்தைப் பிணை வைத்தால் எந்தத் தாய் அசைவாள்? 1894இல் கபோ சீர்திருத்தம் வந்துதான் விதவைகளுக்கு மறுமண உரிமை சட்டத்தில் கிடைத்தது. சட்டம் போய் ஒரு நூற்றாண்டு ஆகியும் சொன்வூவின் முகத்தில் அதன் மிச்சம் நிற்கிறது.

தமிழ்ப் பக்கமும் குறைந்ததில்லை. புறநானூற்றின் 246ஆம் பாட்டில் பெருங்கோப்பெண்டு கைம்பெண்ணின் நெய்யில்லாச் சோற்றையும் பாயில்லாப் படுக்கையையும் சொல்லி, அதைவிடத் தீயே மேல் என்று போகிறாள். அந்தப் பாட்டைப் படிப்பிக்கும்போதெல்லாம், 'எங்களிடம் இது இல்லை' என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சொன்னது பிழையுமில்லை. கதீஜா நாயகி ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் விதவையாக இருந்து நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களை மணந்தவர்கள். அல்பகறாவின் 234ஆம் வசனம் நாலு மாதம் பத்து நாள் இத்தாவைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அந்தப் பெண்கள் தங்கள் விடயத்தில் முறைப்படி செய்துகொள்வதில் 'உங்கள்மீது' குற்றமில்லை என்கிறது. மொழி படித்தவன் என்ற முறையில் அந்த 'உங்கள்' என்ற சொல்லில் நான் பிந்தித்தான் நின்று பார்த்தேன். பேச்சு சுற்றி நிற்கிற உறவுக்காரரைப் பார்த்து.

வாப்பா மௌத்தாகும்போது எனக்கு 15 வயது, உம்மாவுக்கு 35. ரெண்டு வருடம் கழித்து மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மரக்காலை வைத்திருந்தவர், மனைவி இல்லை, ரெண்டு பிள்ளைகள். நல்ல மனிசன் என்று ஊரே சொன்னது. மாமா உம்மாவிடம் கதைத்துக்கொண்டிருந்தபோது நான் அறைக்குள்ளிருந்து வந்து, "அவர் இந்தக் கடப்புக்குள்ள வந்தா நான் வெளிய போயிருவன்" என்றேன். மாமா என்னைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், எழும்பிப் போய்விட்டார். அந்தக் கதை பிறகு எங்கள் வீட்டில் எடுபடவில்லை. உம்மா தையல் மெசினில் இருந்து என்னைப் படிப்பித்தா. என்னைப் பேராதனைக்கு அனுப்பினா. உம்மாவைப் பற்றி நான் ரெண்டு கவிதை எழுதி ரெண்டும் அச்சாகியும் இருக்கிறது. தியாகம், மெழுகுவர்த்தி, காலடியில் சுவர்க்கம் எல்லாம் அவற்றில் உண்டு. அவவுக்கு அப்போது 37 வயது என்பது ரெண்டிலும் இல்லை.

எங்கள் கவிதைகளில் வருகிற உம்மாக்களுக்கு வயதே கிடையாது என்பது என் முறைப்பாடு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்கள் பிறக்கும்போதே உம்மாக்கள். லீ ஊ-ஜொங் செய்தது சின்ன வேலைதான். சொன்யொங்குக்குச் சிரிக்க ஓர் ஆளைக் கொடுத்தா, ஊர்ப்பேச்சில் கதைக்க ஓர் ஆளைக் கொடுத்தா.

அந்தப் பகுதிகளை வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் பார்த்தோம். ஆங்கில உபதலைப்பை மகள் மூத்தம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தா. இரு குடும்பமும் ஒன்றாக இருப்பதைக் காட்டியபோது உம்மா கேட்டா: "அந்தப் பொடியன் ஓமெண்டு சொல்லிட்டானா?"

"ஓம் மூத்தம்மா."

"நல்ல புள்ள," என்றுவிட்டு இஷாவுக்கு ஒளுச் செய்ய எழும்பிப் போனா. என் பக்கம் பார்க்கவில்லை.

நாடகத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். டொக்சுனை யார் கட்டப்போகிறான் என்ற விடுகதையைத் தொடக்கத்திலேயே போட்டு, கடைசி வரை இழுக்கிறார்கள். பின்பாதியில் அந்தக் கயிறுதான் கதையை இழுக்கிறது. ஒழுங்கையின் தாய் தகப்பன்மார் இடைக்கிடைதான் வருகிறார்கள். குடியும் நிறைய. சோஜு இல்லாமல் அங்கே ஓர் ஆண் மனம் திறப்பதில்லை போலும். ஹறாமை ஹறாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே பார்த்தோம். அதைக் காரணம் காட்டி முழுசாக மூடிவைக்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை; ஆனால் அதே வீட்டில் மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கிற தொடர் ஓடக்கூடாது.

'மை மிஸ்டர்' (2018) இதைவிட இருண்டது. பாட்டியைத் தவிர ஒருவருமில்லாத, கடனில் மூழ்கிய இளம்பெண். கட்டடங்களின் உறுதியைப் பரிசோதிக்கும் ஒரு நடுவயதுப் பொறியியலாளர். ஒட்டுக்கேட்பதற்காக அவருடைய போனுக்குள் நுழைகிறவள், கேட்கக் கேட்க அவரை மதிக்கத் தொடங்குகிறாள். இது காதல் கதை இல்லை என்பதால்தான் சிபாரிசு செய்கிறேன். பேச்சும் கேள்வியும் இல்லாத அந்தப் பாட்டி இறக்கும்போது, பொறியியலாளரின் அண்ணன் தான் ஒளித்துச் சேர்த்த காசை எடுத்து மரண வீட்டை நடத்துகிறார். ஊர் முழுக்க வந்து நிற்கிறது. ஜனாஸாவைப் பர்ளு கிபாயா என்று படித்த நமக்கு அது என்னவென்று விளங்கும். அவராக நடித்த லீ சொன்-கியுன் 2023 டிசம்பரில் இறந்துபோனார். அதன் பிறகு அந்த நாடகத்தைத் திரும்பப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பெயர் போன 'ஸ்குவிட் கேம்' (2021) பற்றியும் மாணவர்கள் கேட்கிறார்கள். கொலையைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் காட்டுவதை என்னால் சிபாரிசு செய்ய ஏலாது. ஆனால் அதிலுள்ள அலி என்ற பாகிஸ்தான் தொழிலாளியை மறக்கவும் ஏலவில்லை. முதலாளி சம்பளம் கொடுக்காத ஆள். தன்னை நம்பவைத்தவனாலேயே மார்பிள் விளையாட்டில் ஏமாற்றப்பட்டுச் சாகிறவன். ஏமாற்றுகிறவன் எந்த ஊரான்? அதே சங்முன்-தொங். கறிக் கோப்பைகள் கைமாறிய இடம். நம் நாட்டிலிருந்தும் பொடியன்கள் பரீட்சை எழுதிக் கொரியாவுக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த ஒழுங்கை நாடகங்களில் அவர்களுக்கு ஒரு கோப்பை கறி வருவதை நான் இன்னும் காணவில்லை.

மூன்றாவது, 2025 மார்ச்சில் நெட்பிளிக்ஸில் வந்தது. ஆங்கிலத் தலைப்பு தோடம்பழத்தைப் பற்றியது. கொரியத் தலைப்போ ஜெஜு தீவின் வட்டார வழக்கில் 'ரொம்பக் கஷ்டப்பட்டுப்போனீங்க' என்ற மாதிரி ஒரு நன்றிச் சொல். எழுதியவர் லிம் சங்-சுன். இயக்கியவர் 'மை மிஸ்டர்' எடுத்த அதே கிம் வொன்-சொக். கடலில் முக்குளித்துச் சங்கு சிப்பி எடுக்கிற தாய் புருஷனை இழந்து மறுமணம் செய்தவள். மகள் ஏசுன், தகப்பன் வழிச் சாச்சா வீட்டில் வளர்கிறாள். அங்கே மற்றப் பிள்ளைகளுக்கு மீன் வைத்து இவளுக்கு வைப்பதில்லை என்று அறிந்த தாய் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். 29 வயதில் அந்தத் தாய் இறந்துவிடுகிறாள். அந்த வயதை நாடகம் நம்மை மறக்கவிடுவதில்லை. ஏசுன் தாயாகி, கிழவியாகி, அந்த 29ஐ எத்தனையோ தரம் தாண்டிப் போகிறாள்.

மீன் காட்சியைப் பார்த்துவிட்டு உம்மா அந்தச் சாச்சாவின் பெண்சாதியை ஏசிய ஏச்சை இங்கே எழுத ஏலாது. இப்போது ஆறாம் அத்தியாயத்தில் நிற்கிறோம். மகளுக்குத் தவணைப் பரீட்சை முடியும்வரை நான் தடை போட்டிருக்கிறேன். மொழிபெயர்க்க வேறு ஆளில்லை. எத்தனையாந் திகதி முடியுதென்று உம்மா ரெண்டு தரம் கேட்டுவிட்டா.