விரக்தி என்ற சொல் போதுமா? – ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் ஆய்வுகளை முன்வைத்து

பொறியியல் முடித்து நான் சேர்ந்த முதல் வேலை ஓ.எம்.ஆரில். அமெரிக்க மருந்துக்கடைகளில் இருந்து வரும் இன்சூரன்ஸ் க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் ஒரு மென்பொருளுக்கு டெஸ்டிங் பார்ப்பது. கடைக்காரர் மருந்தின் எண்ணைத் தட்டியதும் சில நொடிகளில் 'சரி' அல்லது 'இல்லை' என்று பதில் போக வேண்டும். 'இல்லை' என்றால் கூடவே காரண எண் ஒன்று. எனக்குப் பிரித்துக் கொடுத்தது 79. முப்பது நாள் மாத்திரை வாங்கிப் போனவர் பதினைந்தாம் நாளே திரும்ப வந்து நின்றால், 'இவ்வளவு சீக்கிரம் தர முடியாது' என்று சொல்லும் எண் அது. "மச்சான், எழுபத்தொன்பது ஃபெயில் ஆகுது பாரு" என்பது எங்கள் பக்கம் தினமும் கேட்கும் வாக்கியம். டெஸ்ட் டேட்டாவில் ஆக்ஸிகோடோன் என்ற பெயர் அடிக்கடி வரும். வலிநிவாரணி என்பதற்கு மேல் நான் எதுவும் விசாரித்ததில்லை. பதினைந்தாம் நாளே திரும்ப வருகிறவர் யார், ஏன் வருகிறார் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தக் கேள்வியைப் பல வருடம் கழித்து என் முன்னால் வைத்தது ஒரு பொருளாதாரப் புத்தகம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும் சேர்ந்து எழுதி 2020இல் வெளிவந்த 'டெத்ஸ் ஆஃப் டிஸ்பேர் அண்ட் த ஃப்யூச்சர் ஆஃப் கேப்பிட்டலிசம்'. இருவரும் கணவன் மனைவி. டீட்டன் 2015இல் பொருளாதார நோபல் பெற்றவர். இந்தியாவின் வறுமை, சத்துணவு பற்றி ழான் த்ரேஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் வழியாக இங்கேயும் அறியப்பட்டவர்.

புத்தகத்தின் மையக் கண்டுபிடிப்பு 2015 நவம்பரில் ஒரு ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இருபதாம் நூற்றாண்டு முழுக்க பணக்கார நாடுகளில் நடுவயதுச் சாவு குறைந்துகொண்டே வந்தது. அமெரிக்காவில் 45இலிருந்து 54 வயது வரையிலான வெள்ளையர்களுக்கு மட்டும், 1998க்குப் பிறகு அந்தக் கோடு இறங்க மறுத்துவிட்டது. பழைய வேகத்திலேயே இறங்கியிருந்தால் 1999 முதல் 2013 வரை சுமார் ஐந்து லட்சம் பேர் செத்திருக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. கூடியது மூன்று வகைச் சாவு: தற்கொலை, போதை மருந்து அளவு மீறுதல், குடியால் வரும் கல்லீரல் நோய். மூன்றுக்கும் சேர்த்து அவர்கள் வைத்த பெயர்தான் 'டெத்ஸ் ஆஃப் டிஸ்பேர்'. விரக்திச் சாவுகள் என்று சொல்லலாம். 2017இல் மட்டும் 1,58,000 பேர். 2014க்கும் 2017க்கும் இடையில் அமெரிக்கர்களின் சராசரி ஆயுள் தொடர்ந்து மூன்று வருடம் சரிந்தது. அதற்கு முன் அப்படி நடந்தது 1918 ஃப்ளூ காலத்தில்.

செத்தவர்களைப் பிரிக்கும் கோடு நான்கு வருடக் கல்லூரிப் பட்டம். பட்டம் உள்ளவர்களிடம் இந்த ஏற்றம் ஏறக்குறைய இல்லை. இல்லாதவர்கள் உழைக்கும் வயது அமெரிக்கர்களில் மூன்றில் இரண்டு பங்கு. பட்டம் இல்லாத வெள்ளை ஆண்களின் மணிக்கூலி 1979க்கும் 2017க்கும் நடுவே வாங்கும் சக்தியில் 13 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் நாட்டின் தலா வருமானம் 85 சதவீதம் ஏறியது.

'சம்பளம் குறைஞ்சா செத்துடுவாங்களா?' என்று நாம் கேட்போம். புத்தகமும் அதைக் கேட்கிறது. இல்லை என்றுதான் சொல்கிறது. 2008இன் பொருளாதாரச் சரிவு இந்தச் சாவுக் கோட்டில் தனித் தடம் எதையும் விடவில்லை. சரிவுக்கு முன்பும், நடுவிலும், பின்பும் கோடு ஒரே மாதிரி ஏறியது. அதனால் ஒரு வருடத்து வேலையிழப்பை விட்டுவிட்டு, முப்பது நாற்பது வருடத் தேய்மானத்தைப் பார்க்கிறார்கள். ஆலை வேலை என்பது கூலி மட்டும் இல்லை. யூனியன் இருந்தது, அதன் கூட்டம் நடக்கும் அரங்கு இருந்தது, கல்யாணம் செய்துகொள்ளும் தைரியம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் இருந்தது. வேலை போனதும் இவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 1897இல் தற்கொலையைச் சமூக நிகழ்வாக வாசித்த துர்கெய்மின் நிழல் இந்த அத்தியாயங்களில் விழுகிறது. டீட்டனின் அப்பா இங்கிலாந்தின் யார்க்‌ஷைர் நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர் என்பதும் இந்தப் பக்கங்களை வாசிக்கும்போது நினைவுக்கு வருகிறது.

இது வரைக்கும் எனக்குச் சம்மதம். சிக்கல் 'விரக்தி' என்ற சொல்லில் தொடங்குகிறது.

கோட் எழுதுகிறவனின் பழக்கத்தில் கேட்கிறேன்: விரக்தி என்பது இந்தப் புத்தகத்தில் எந்தக் காலத்தில் பதிவாகியிருக்கிறது? சாவு பதிவாகியிருக்கிறது. படிப்பு, வயது, இனம், கூலி, உடல்வலி எல்லாமே பதிவாகியிருக்கின்றன. விரக்தி மட்டும் இவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பும் சொல்லாக வருகிறது. தமிழில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். விரக்தி என்றால் ஒரு காலத்தில் பற்றறுத்தல், துறவியின் குணம். இன்று மனமுடைந்து போவது. இரண்டுமே ஒருவரின் உள்ளே நடப்பவை. அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தவுடன் வாசகனின் கண் செத்தவரின் மனதுக்குள் போய்விடுகிறது. ஆனால் ஆதாரங்களில் பெரும்பாலானவை வெளியே கிடக்கின்றன.

உதாரணத்துக்கு மாத்திரை. ஆக்ஸிகோடோனைக் கொண்டு பர்டியூ நிறுவனம் செய்த ஆக்ஸிகான்டின் 1996இல் சந்தைக்கு வந்தது. அடிமையாக்கும் ஆபத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதற்காக, அந்தக் குழுமத்தின் நிறுவனம் ஒன்று 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 1996இல் ஐந்து மாநிலங்களில் மட்டும் ஒரு பழைய சட்டம் இருந்தது. கலிஃபோர்னியா, ஐடஹோ, இல்லினாய், நியூயார்க், டெக்சாஸ். கடுமையான போதை தரும் மருந்துக்கு டாக்டர் மூன்று பிரதிகளில் சீட்டு எழுத வேண்டும், அதில் ஒன்று அரசு அலுவலகத்துக்குப் போகும். அலுப்பான காகித வேலை. அதனால் நிறுவனம் அங்கே விற்பனையை முடுக்கவில்லை. ஆல்பர்ட், எவன்ஸ், லீபர், பவல் ஆகிய நால்வரின் ஆய்வு (2022) காட்டுவது இதுதான்: அந்த ஐந்து மாநிலங்களிலும் ஆக்ஸிகான்டின் மற்ற இடங்களில் பாதியளவே பரவியது. போதைச் சாவும் இருபது வருடம் கழித்துக்கூட அங்கே மெதுவாகத்தான் ஏறியது. இல்லினாயிலும் நியூயார்க்கிலும் ஆலை மூடவில்லையா என்ன? மனசு உடைந்த ஆட்கள் அங்கேயும் இருந்தார்கள். மூன்று பிரதிக் காகிதம் குறுக்கே நின்றது.

எல்லாமே மாத்திரைதான் என்று இதற்குப் பொருள் இல்லை. கல்லீரல் கெட்டுச் சாகிறவனுக்கும் தூக்கு மாட்டிக்கொள்கிறவனுக்கும் ஆக்ஸிகான்டின் மட்டும் விளக்கமாகாது. கேஸும் டீட்டனும் மருந்து நிறுவனங்களை விட்டுவைக்கவும் இல்லை. காய்ந்த புல்லில் அவர்கள் தீ வைத்தார்கள் என்பதே அவர்களின் வாதம். நான் கேட்பது அந்த விகிதத்தை. புல் எவ்வளவு, தீ எவ்வளவு? விரக்தி என்று ஒரே பெயரில் மூன்று சாவையும் கட்டிவிட்டால் இந்தக் கேள்வியைப் பிரித்துக் கேட்க முடியாமல் போகிறது.

கணக்கிலும் திருத்தங்கள் வந்தன. 45–54 என்ற பெட்டிக்குள் இருப்பவர்களின் சராசரி வயதே அந்த வருடங்களில் கூடியது என்று புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மன் காட்டினார். அதைச் சரிசெய்தால் ஏற்றம் மட்டுப்படுகிறது. ஆனாலும் மற்ற நாடுகளைப் போல இறங்கவில்லை என்ற உண்மை அப்படியே நிற்கிறது. நோவோசாத், ராஃப்கின், ஆஷர் மூவரும் படிப்புக் கோட்டையே கேள்விக்கு உள்ளாக்கினார்கள். காலம் போகப் போகப் பட்டம் வாங்குகிறவர்கள் கூடுவதால், வாங்காமல் மிஞ்சுபவர்கள் முன்பைவிட நலிந்தவர்களாகவே இருப்பார்கள். அதைக் கழித்துப் பார்த்தால் வெள்ளையர்களின் சாவு ஏற்றம் கிட்டத்தட்ட முழுவதும், படிப்பு வரிசையில் கடைசிப் பத்து சதவீதத்தினரிடம் குவிந்திருக்கிறது. 'மூன்றில் இரண்டு பங்கு' என்ற பெரிய கதை இங்கே சுருங்குகிறது. சுருங்கிய இடத்தில் இன்னும் கொடூரமாகிறது.

அப்புறம் இனம். இந்த நடுவயதில் கறுப்பர்களின் சாவு விகிதம் அந்த வருடங்கள் முழுக்க வெள்ளையர்களைவிட அதிகமாகவே இருந்தது. வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1996லேயே சிகாகோவின் கறுப்பர் பகுதிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதே வரிசை இருக்கிறது: ஆலை போகிறது, கல்யாணம் குறைகிறது, போதை வருகிறது. கேஸும் டீட்டனும் இதை மறைக்கவில்லை, ஒரு அத்தியாயத்தில் நேர்மையாகவே பேசுகிறார்கள். ஆனால் அன்று அந்தச் சாவுகளுக்கு யாரும் 'விரக்தி' என்று பெயர் வைக்கவில்லை. குற்றம் என்று சொல்லி போலீஸை அனுப்பினார்கள். ஒரு சொல்லின் பரிவு யாருக்குக் கிடைக்கிறது என்பதும் ஏற்றத்தாழ்வின் கணக்கில் சேர வேண்டியதுதான்.

வேலைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை இன்னும் நெருக்கமாகக் காட்டும் ஆய்வு என்றால் நான் 2009இல் வந்த டேனியல் சல்லிவன், டில் ஃபான் வாக்டர் கட்டுரையைச் சொல்வேன். பென்சில்வேனியாவில் பல வருடம் ஒரே நிறுவனத்தில் உழைத்து, 1970கள் 80களின் கூட்ட ஆட்குறைப்பில் வேலை போன ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள். வேலை போன அடுத்த வருடம் அவர்களின் சாவு விகிதம் 50 முதல் 100 சதவீதம் கூடுகிறது. இருபது வருடம் கழித்தும் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகவே இருக்கிறது. நாற்பது வயதில் வேலை இழந்தவருக்கு ஆயுளில் ஒன்று முதல் ஒன்றரை வருடம் குறையலாம். இந்தக் கட்டுரை யாருடைய மனதுக்குள்ளும் புகவில்லை. ஆளையும் தேதியையும் மட்டும் வைத்துப் பேசுகிறது.

அப்படியானால் கேஸ்–டீட்டன் புத்தகத்தை ஏன் வாசிக்க வேண்டும்? தலைப்பில் இல்லாத ஒரு வாதத்துக்காக. அது மருத்துவச் செலவு பற்றியது. அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 18 சதவீதத்தை மருத்துவத்துக்குக் கொட்டுகிறது. உழைப்பாளிகளில் பெரும்பகுதிக்கு இன்சூரன்ஸ் வேலை வழியாக வருகிறது. ஒரு குடும்பத்துக்கான பாலிசி 2019இல் சராசரியாக 20,000 டாலரைத் தாண்டியது. வருடம் 1,50,000 டாலர் வாங்கும் மேனேஜருக்கும், 30,000 வாங்கும் துப்புரவாளருக்கும் பிரீமியம் கிட்டத்தட்ட ஒன்றேதான். மேனேஜர் விஷயத்தில் அது சில்லறை. துப்புரவாளர் விஷயத்தில் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கம்பெனி என்ன செய்யும்? துப்புரவாளரைத் தன் பட்டியலில் இருந்து எடுத்து ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடும். சீனாவையும் ரோபோவையும் ஐரோப்பாவும்தான் சந்தித்தது, ஆனால் சாவு இந்த அளவுக்கு அங்கே ஏறவில்லை. ஏன் அமெரிக்கா மட்டும் என்ற கேள்விக்குப் புத்தகம் தரும் பதில்களில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான்.

இது என்னைத் தைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினைந்து நிமிட வீடியோ காலில் என் வேலை போனது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அப்பாவோட இன்சூரன்ஸ் இருக்கா தம்பி?" என்றார். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கம்பெனி பாலிசி கடைசி வேலை நாளோடு முடிகிறது. அடுத்த வேலை கிடைத்த பதினொரு வாரமும் எனக்கு இருந்ததை விரக்தி என்று சொல்ல மாட்டேன். பயம், அதுவும் தொகை எழுதிய பயம். நான் பட்டம் உள்ளவன், தப்பித்தேன். அதே கட்டிடத்தில் வேறு நிற ஐடி கார்டு மாட்டிய ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கு அந்த பாலிசி முதலிலேயே கிடையாது. இது அமெரிக்கா இல்லை. இங்கே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனாலும் உயிரையும் ஐடி கார்டையும் ஒரே கயிற்றில் கட்டுவது எப்படி இருக்கும் என்று அந்தப் பதினொரு வாரத்தில் கொஞ்சம் தெரிந்தது.

மனம் பற்றிப் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலக்கியம் வாசிக்கிற நமக்கு 'விரக்தி' உடனே பிடித்துப்போகிற சொல், அதனாலேயே அதனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கலாம் என்கிறேன். அந்தச் சொல்லைத் தாண்டி பிரீமியக் கணக்கு வரைக்கும் வாசிக்கிறவர்களுக்கு இந்தப் புத்தகம் நிறையத் தரும்.

79 இன்னும் என் நினைவில் இருக்கிறது. நான் சோதித்த அந்த விதி பிழையில்லாமல் வேலை செய்தது. பதினைந்தாம் நாள் வந்தவருக்கு 'இல்லை' என்று சரியாகப் பதில் போனது. அந்த 'இல்லை'க்குப் பிறகு அவர் எங்கே போனார் என்று கேட்க எங்கள் சிஸ்டத்தில் இடம் எதுவும் இருக்கவில்லை.