சொற்கட்டு ராப் அல்ல

தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கர்நாடக இசைக் கலையைக் குறித்து, “கொன்னக்கோல்தான் நம்ம ராப்” என்ற பேச்சு மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இப்போது கேள்வி கேட்கப்படாத உண்மையாகிவிட்டது. 2019 பிப்ரவரியில் மும்பைத் தெரு ராப் பாடகர்களைப் பற்றிய ‘கல்லி பாய்’ படம் வெளியானபோது அது தொடங்கியது. 2024 பிப்ரவரியில் ‘சக்தி’ ஃப்யூஷன் குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம் கிராமி விருது பெற்று, அந்த மேடையில் செம்பூரில் வளர்ந்த பாடகர் சங்கர் மகாதேவன் நின்றதும் அது உறுதிப்பட்டுப்போனது. தாராவிப் பையன்களின் ராப் பாட்டை ரசிக்கத் தொடங்கியிருக்கும் கர்நாடக இசை சபா ரசிகர்கள் தங்கள் ரசனைக்குச் சொல்லும் நியாயம் இதுதான்: தகதிமி சொல்லத் தெரிந்த காதுக்கு ராப் புதிதில்லை, ஜாஸ் புதிதில்லை, ஃபங்க்கும் புதிதில்லை.

இதனால் நன்மையே விளையவில்லை என்று சொல்லமாட்டேன். ராப்பை இரைச்சல் என்று ஒதுக்கியவர்கள் கொஞ்சம் நின்று கேட்கிறார்கள். மும்பை மிருதங்கக் கலைஞர் விவேக் ராஜகோபாலன் ‘தா தோம் ப்ராஜெக்ட்’ வழியாகத் தெரு ராப் பாடகர்களுக்குச் சொற்கட்டு சொல்லிக்கொடுத்ததும், ‘கல்லி பாய்’க்காக ‘இந்தியா 91’ அமைத்ததும் உழைப்பு மிகுந்த, உண்மையான வேலைகள். நான்கு நான்காகவே எண்ணிப் பழகியவர்களுக்கு ஐந்தும் ஏழும் வசப்படுவது பெரிய விஷயம். ஜான் மெக்லாஃப்லின் போன்ற ஜாஸ் கிடார் கலைஞரே கொன்னக்கோலைக் கற்று மற்றவர்களுக்குக் கற்பிக்கவும் செய்திருக்கிறார். எல்லாம் சரி. என் மறுப்பு கலைஞர்கள்மீது அல்ல, ரசிகர்கள்மீது. உறவு சொல்லி ரசிப்பது, கேட்காமல் இருப்பதற்கான வழியாகிவிட்டது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். இப்போது இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சபாக் காது தாளத்தில் தேடுவது கணக்கை. தாள வாத்தியத்தின் தனி ஆவர்த்தன முடிவில் கோர்வை என்னும் கணக்குத் தொடர் மூன்று முறை வந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் சரியாக விழும்போதுதான் அரங்கம் கைதட்டுகிறது. வந்து சேர்வதில் இருக்கிறது அந்த இன்பம். ஃபங்க் எங்கும் போய்ச் சேர்வதில்லை. ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் கேட்டதெல்லாம் ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் எல்லோரும் சேர்ந்து கனமாக இறங்க வேண்டும் என்பதே. மிச்ச இடத்தில் கிடார் ஓர் இடுக்கில், பேஸ் இன்னோர் இடுக்கில், கொம்பு வாத்தியங்கள் வேறோர் இடுக்கில். யாரும் முடிவை நோக்கி ஓடுவதில்லை. 1970-இல் வெளியான பிரவுனின் ‘ஃபங்க்கி ட்ரம்மர்’ பதிவில் ட்ரம்ஸ் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியாக வாசிக்கும் சில விநாடிகளை எழுதிப் பாருங்கள். நான்காக எண்ணும் சதுஸ்ர நடைதான், கணக்கில் எந்த வியப்பும் கிடையாது. ஆனால் ஸ்னேர்மீது அவர் கேட்டும் கேட்காததுமாக உரசிச் செல்லும் மெல்லிய அடிகள் இருக்கின்றனவே, அவற்றுக்காகத்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டன. அந்த வாசிப்பின்மீது எழும்பிய இசைத்தொழிலில் அவருக்கு ராயல்டியாகக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

டெட்ராய்டின் ஹிப்-ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார். தாளத்தை நேராக்கித் தரும் வசதி ட்ரம் மெஷினில் இருந்தும் அதை அணைத்துவிட்டுக் கையால் தட்டினார். கிக் ஒரு மயிரிழை பிந்தும், ஸ்னேர் ஒரு மயிரிழை முந்தும். அந்த இழை எந்த நடையிலும் அடங்காது. திஸ்ரமும் அல்ல, சதுஸ்ரமும் அல்ல. ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் 2015 ஆல்பமான ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’யில் தண்டர்கேட்டின் பேஸும் ராபர்ட் கிளாஸ்பரின் பியானோவும் கமாசி வாஷிங்டனின் சாக்ஸஃபோனும் சேர்ந்து வரும்போது ஜாஸும் ஃபங்க்கும் ராப்பும் மூன்று சரக்குகளாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. அதிலுள்ள ‘ஃபார் ஃப்ரீ?’யில் குழு விரைந்தோட, குரல் அதை விட்டு விலகி, திரும்ப வந்து முட்டி, மறுபடி விலகுகிறது. விலகும் தூரம்தான் அங்கே இசை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு அந்தத் தூரம் பிழையாகத்தான் படும்.

நம் மரபிலேயே இதற்கு ஒரு வாசல் இருக்கிறது, அதைத்தான் யாரும் திறப்பதில்லை. அது கொன்னக்கோல் அல்ல, சர்வலகு. கீர்த்தனைக்குப் பின்னால், கணக்கே போடாமல், பாட்டின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும் அந்த மிருதங்க வாசிப்பு. மிருதங்கத்தின் கனத்த பக்கமான தொப்பியில் விழும் கும்கி, அதன் நீட்சி, அடுத்த அடிக்கு முன்னால் விடும் வெறுமை. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பிக்காகவே பழைய பதிவுகளைத் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஃபங்க்கின் பேஸ் கிடாரை விளக்கவே தேவையில்லை. ஆனால் தனி முடிந்ததும் கைதட்டுகிற அரங்கம் சர்வலகுக்குக் கைதட்டுவதில்லை. நம்மிடம் இருந்த நுட்பமான காதையே நாம் வளர்க்கவில்லை. வளர்க்காத காதோடு அடுத்த வீட்டு இசையைச் சொந்தம் என்கிறோம்.

இனி சொல்லுக்கு வருவோம். கொன்னக்கோலின் சொற்களுக்குப் பொருள் கிடையாது. அதனால்தான் அவற்றை எந்த அடியிலும் எந்த வேகத்திலும் வைக்க முடிகிறது. அதுவே அந்தக் கலையின் வலிமை. ராப்பில் சொல் பொருளோடு, கோபத்தோடு, பேசுகிற ஆளின் ஊரோடு வருகிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள்ளேயே அழுத்தம் இருக்கிறது; ராப் பாடகர் அதைத் தாளத்தோடு மோதவிடலாம். தமிழில் அது இல்லை. நெடிலும் குறிலும் வல்லின இரட்டிப்பும்தான் கையிருப்பு. இரட்டிக்கும் ஒற்றில் நாக்கு நின்று விடுபடும் அந்தக் கணத்தை ஸ்னேரின்மேல் வைப்பதா, சற்றுப் பின்னே வைப்பதா என்பதில்தான் ஒரு தமிழ் ராப் பாடகரின் தேர்ச்சி தெரியும். தாராவிப் பாடகரின் திருநெல்வேலி வீட்டுத் தமிழும் தெருவின் பம்பாய் இந்தியும் ஒரே வரியில் வரும்போது வேலை இன்னும் கடினம்: இந்திச் சொல் மெய்யெழுத்தில் சட்டென்று நின்றுவிடும், தமிழ்ச் சொல் கடைசி உகரத்தை இழுத்துக்கொண்டு வரும். இரண்டையும் ஒரே பேஸ் வரியின்மேல் உட்காரவைப்பது எவ்வளவு பெரிய கைவேலை! 2018-இல் வந்த ‘காலா’ படத்தில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழுவைப் பாடவைத்தபோது, படத்தின் நில அரசியலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அது எழுதப்பட வேண்டியதுதான். அந்தக் குரல்கள் தாளத்தில் எங்கே நிற்கின்றன என்று எழுதியவர்களை நான் பார்க்கவில்லை.

பம்பாய்க்கு இந்த இசையோடு உண்மையான வரலாறு உண்டு. அது நம் வழியாக வரவில்லை என்பதால் அதைப் பேசுவதில்லை. 1930களில் தாஜ் ஹோட்டலில் லியான் அப்பி போன்ற கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் வாசித்தார்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்த கோவாக்காரர்கள், சிக் சாக்லேட் உட்பட, இந்தி சினிமாவின் இசைக்குழுக்களை நிரப்பினார்கள். 1978-இல் ஜாஸ் யாத்ரா விழா தொடங்கியது இந்த ஊரில். இந்த ஊர்ப் பெண் ஆஷா புத்லி, ஆர்னெட் கோல்மனின் ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன்’ ஆல்பத்தில் பாடியவர். 1976-இல் அவர் பாடிய ‘ஸ்பேஸ் டாக்’கை 1997-இல் நட்டோரியஸ் பி.ஐ.ஜி. தன் ராப்புக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார். ஜாஸ், ஃபங்க், ராப் மூன்றையும் இணைக்கும் ஒரு பம்பாய்க் குரலைத் தேடினால் கிடைப்பவர் அவர்தான். இந்துஸ்தானி படித்தவர், ஆனால் அதன் கணக்கை அங்கே கொண்டுபோய் நிறுவவில்லை. பேஸுக்குப் பின்னால் தன் குரலைச் சாய்த்துவைக்கக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் பாம்பே பேஸ்மென்ட் குழுவில் கென்யாவைச் சேர்ந்த பாப் ஓமுலோ ராப் பாட, பேஸும் ட்ரம்ஸும் ஒரு டி.ஜே.யும் மட்டுமே பின்னால் நின்றபோதும் அதே பாடம்தான். மாட்டுங்காவின் பேச்சில் இவர்கள் யாரும் வருவதில்லை.

ஏன் வருவதில்லை? அவர்களை ‘நம்மவர்கள்’ ஆக்க முடியாது. இங்கேதான் இந்த ரசனை எனக்குக் கசக்கிறது. மத்திய ரயில்பாதையின் கிழக்கே சண்முகானந்தா அரங்கம், மேற்கே தாராவி. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கறுப்பின அமெரிக்காவின் இசையைத் தேடிப்பிடித்து, தங்களுக்கென்று ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் நம்மிடம் வரவில்லை. நம் மேடைகள் அவர்களுக்குத் தேவைப்படவும் இல்லை. அப்படி அவர்கள் தேடிக்கண்டதை ‘இது எங்களிடம் எப்போதோ இருந்தது’ என்று சொல்வது ரசனை இல்லை, அடுத்தவர் மனைக்குப் பட்டா எழுதிக்கொள்வது. கிளைட் ஸ்டபிள்ஃபீல்டையும் ஜேம்ஸ் பிரவுனையும் அந்த வாக்கியத்திலிருந்து துடைத்துவிட்டு, தாராவிப் பையனின் தேடலையும் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் நம் பாரம்பரியத்தை உட்காரவைக்கிறோம். தெரியாமல் செய்கிறார்கள் என்பார்கள். கர்நாடக இசையின் ஒரு பிரயோகம் இடம் மாறினால் எந்தப் பாணி என்று சண்டைபோடும் ரசிகர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

சென்னையின் கானாதான் நம்ம ராப் என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் ஆகாது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாக வாசித்தது, ஒன்றென்று வாசிக்கவில்லை. பறையும் ட்ரம் செட்டும் அங்கே ஒன்றையொன்று இடித்துக்கொண்டே போகின்றன. அந்த உரசல் கேட்கிறது, கேட்கவும் விடுகிறார்கள்.

செம்பூரிலோ மாட்டுங்காவிலோ கொன்னக்கோலும் ராப்பும் என்ற பொருளில் அடுத்து விளக்கக் கச்சேரி நடத்துபவர்களுக்கு ஒரு கோரிக்கை. மேடையில் ஒரு ட்ரம்ஸ் கலைஞரும் ஒரு பேஸ் கலைஞரும் மட்டும் உட்காரட்டும். அழைப்பிதழில் அவர்கள் பெயர் முதலில் இருக்கட்டும். ஒரே தாளக்கட்டைப் பத்து நிமிடம், கோர்வை இல்லாமல், தீர்மானம் இல்லாமல் வாசிக்கட்டும். அரங்கில் யாரும் தாளம் போட வேண்டாம். அதன் பிறகு தாராவியிலிருந்து ஒரு ராப் பாடகர் உள்ளே வரட்டும், தான் ஏன் அந்த வரியை அத்தனை தாமதமாக எடுத்தார் என்று அவரே சொல்லட்டும். இவ்வளவும் கேட்ட பிறகு யாராவது கொன்னக்கோலைப் பற்றிப் பேச விரும்பினால், உட்கார்ந்து கேட்க நான் தயார்.