அறிந்த எச்சரிக்கையும் அடங்கிய எச்சரிக்கையும்

பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்திலே இடித்துரைப்போரின் இன்றியமையாமையை வள்ளுவர் வற்புறுத்தினார். இடித்துரைப்போன் ஒன்றனையே எத்தனை முறை கூறுதல் வேண்டும் என்னும் வினா இன்று கணினியுலகில் எழுந்துள்ளது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் என்பார் தொடங்கிய டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளம் பல்லாயிரம் மென்பொருட் பொதிகளை உடையது. சென்னையிலே சீடாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் இதன் வழித்தோன்றலே. இப்பொதிகளுட் சிலவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தம் இடையிலே நின்றுவிடும். வேறு சிலவற்றுக்கு வரையறுத்த அளவிலேயே கிடைக்கும். அத்தகையன நம் கணினியில் உளவோ என நோக்கி அறிவிப்பது செக்-சப்போர்ட்-ஸ்டேட்டஸ் என்னும் கருவி. பொதிகளில் மாற்றம் நேருங்காலத்துத் தானாக இயங்கும் இது, முன்னர்க் கூறியவற்றைக் குறித்துவைத்துப் புதியவற்றையே கூறும். சில பொதிகளைப் பெயர்சுட்டி விலக்கவும் இதில் இடமுண்டு.

இம்மௌனத்தைக் குறைகூறுவோர் முதற்கண் அதன் நியாயத்தை உணர்தல் வேண்டும். பைன்யுடில்ஸ் என்னும் பொதி நிரல் எழுதுவோர் கணினிகளிற் பெரும்பாலும் இருப்பது. நம்பத்தக்க கோப்புகளுக்கே அது ஏற்றதென்பது டெபியனார் தரும் குறிப்பு. அதனை அகற்றவியலாத ஒருவனுக்கு நாள்தோறும் அதனையே சொன்னால், அவன் படியாமலே திரையை மூடப் பழகுவான். பின்னர் வரும் மெய்யான இடருக்கும் அதே கதி நேரும். வகுப்பறையில் ஓயாது அதட்டும் ஆசிரியரின் குரலை மாணவர் எவ்வாறு மதிக்கின்றனர் என்பதை யாமே அறிவோம்.

ஆயின், சொல்லப்பட்டது என்பதும் அறியப்பட்டது என்பதும் ஒன்றல்ல. கணினி யாருக்குச் சொல்லிற்று? கணினிக்கூடத்தைப் பொறுப்பேற்றிருந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுத் திருகோணமலைக்குச் செல்வார். புல்மோட்டைக்குப் புதியவர் வருவார். கருவியோ பழையவருக்குக் கூறிய நினைவுடன் வாளாவிருக்கும். கட்டளையிட்டுக் கேட்பின் முழுப் பட்டியலையும் காட்டும் என்பது உண்மையே. கேட்கவேண்டும் என்பதையே அறியாதவர் எங்ஙனம் கேட்பார்?

விலக்கும் முறை இதனினும் குறையுடையது. ஆண்டுப் பெயர்கள் மாத்திரமே இடம்பெறும். யார், எந்நாளில், எக்காரணம் பற்றி விலக்கினார் என்பதற்கு ஓரிடமேனும் இல்லை. பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் இத்தகைய பதிவை எந்த அதிபரும் ஏற்கமாட்டார். விலக்கு ஒவ்வொன்றுக்கும் காரணமும் முடிவுத் திகதியும் கேட்டு, அந்நாள் கழிந்ததும் மீண்டும் வாய்திறக்குமாறு கருவியை அமைத்தல் அரிதன்று. அதுவரை யான் ஓர் அப்பியாசக் கொப்பியில் இவற்றை எழுதிக் கணினியருகே வைத்திருக்கின்றேன்; பொறுப்பு மாறும் நாளில் திறப்புக்கோவையுடன் அதனையும் கையளித்தல் கூடும்.