அடுத்த நாவல் எது?

நூல்நிலையத்தாரிடம் வாசகர் கேட்கும் கேள்விகளுள் மிக எளியதாகத் தோன்றுவதும், மிகத் தவறாக விடையளிக்கப்படுவதும் ஒன்றுண்டு. "இதைப்போல் இன்னொன்று இருக்கிறதா?" என்பதே அது. சோதிடமோ சமையலோ வேண்டுவோர்க்கு அலமாரி எண் வழிகாட்டும். நாவல் வேண்டுவோர்க்கு அட்டவணை காட்டுவதெல்லாம் ஆசிரியர் பெயரும் தலைப்புமே. 'ரப்பர்' என்ற தலைப்பைக் கண்டு மலாயாத் தோட்டக்கதையென்று எடுத்துச் செல்பவர், ஜெயமோகனின் அந்நாவல் குமரி மாவட்டத்துக் குடும்பமொன்றின் கதையென்றறிந்து திகைப்பார். அவர் தேடியது அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'யாக இருக்கக்கூடும்.

ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிட்ட வேண்டுமென்றும், அவர்தம் காலம் வீணாகலாகாதென்றும் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் சீ. இரா. அரங்கநாதன் 1931-இலேயே விதி வகுத்தார். விதி நன்று. ஆனால் உரிய நூல் எதுவென்று அறிவதெங்ஙனம்? அமெரிக்க நூலகர்களான ஜாய்ஸ் சாரிக்ஸ், நான்சி பிரௌன் இருவரும் 1989-இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு வழி கூறினர். கதை எதைப்பற்றியதென்று கேட்பதோடு நில்லாது, அதன் வேகம், மாந்தர், கதைப்போக்கு, சூழல் ஆகியவற்றுள் வாசகரைப் பிணித்தது எதுவென்று கேட்க வேண்டும் என்பதே அவ்வழி. இவற்றோடு நடையையும் சேர்த்தாலன்றித் தமிழ் நாவலுக்கு இது போதாதென்பது எமது துணிபு.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை (1972) ஒருவர் திருப்பிக் கொடுக்கிறாரென்று கொள்வோம். நூலகர் உடனே அவ்வாசிரியரின் 'கடலுக்கு அப்பால்' நாவலை நீட்டுவார். இரண்டிலும் யுத்தமுண்டு, பினாங்குண்டு, இந்திய தேசிய இராணுவமுண்டு. எனினும் பின்னது அடங்கிய குரலில், போரிலிருந்து மீண்டவனுக்கும் முதலாளி மகளுக்கும் இடையே நிகழும் துயரைச் சொல்வது. வட்டிக்கடைகளின் வாழ்வில் தோய்ந்தவர் அதை விரும்புவார், ஐயமில்லை. ஜப்பானியர் காலத்து அவலத்தை மேலும் அறிய விழைபவருக்கோ ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' தகும். 1942, 1943 ஆண்டுகளில் அப்பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரின் கதை, இந்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டுக் கதையேயன்றோ? ஆனால் பாண்டியனின் எள்ளலில், தமிழ்ப் பழம்பெருமையைக் குடைந்து குடைந்து வினவும் அந்தச் சொல்வீச்சில் மயங்கினவருக்கு இவ்விரண்டும் ஏமாற்றமே தரும்.

இதைப் பொருட்படுத்தாது, வாசகரைத் திருத்துவதே தம் கடனென்றெண்ணி, அவர் கேளாத நன்னூலொன்றைத் திணிக்கும் நூலகரும் உளர். (நாவல் படிப்பதே பொழுதைக் கொல்வதென்பார்க்கு ஈண்டு விடை வேண்டுவதில்லை.) முதலில் அவர் மகிழட்டுமே! மும்முறை ஏமாந்தவர் நான்காம் முறை வாரார். பல மொழி நூல்களுக்கிடையே ஒரு மூலையில் ஒதுங்கிய தமிழ் அலமாரிக்கு இது சிறு இழப்பன்று. எடுப்பாரற்ற நூல்களைக் காட்டி, இனிப் புதியன வாங்குவானேன் என்று கேட்பது மேலிடத்தார்க்கு எளிது.

ஆதலின் அட்டவணையைப் புரட்டுமுன், எப்பக்கத்தில் கீழே வைக்க மனமில்லாது போயிற்றென்று கேளுங்கள். பாண்டியன் தனக்குள் பேசிக்கொள்ளும் பக்கங்கள் என்று வாசகர் சொல்வாராயின், போருமில்லாத, மலாயாவுமில்லாத நூலொன்றைத் துணிந்து தரலாம். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) அத்தகையது. மலையாள எழுத்தாளனொருவனை முன்னிட்டு இலக்கிய உலகையே கேலிக்கும் கேள்விக்கும் உள்ளாக்குவது அது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அதில் கதை குறைவு.