ஜீரோ ஏர்

பெங்களூரு பீன்யாவில் இருப்பது போன்ற காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையங்களில், கந்தக டை ஆக்சைடு அனலைசரைத் திருத்தி வைக்கும் வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். சிலிண்டரில் உள்ள வாயு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்று வையுங்கள். கருவி அளக்க வேண்டியதோ பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில். சிலிக்கா ஜெல்லும் கரியும் வடிகட்டிய ‘ஜீரோ ஏர்’ நிமிடத்துக்கு 4,950 மில்லி, அதில் வாயு 50 மில்லி கலந்தால் 500 பிபிபி. அந்த 50-இல் 1 மில்லி பிசகினாலே விடை 2 சதவீதம் விலகிவிடும்!

பெங்களூரு நகரமோ கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே. காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அங்கே திருத்திய கருவியை இங்கே மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருப்பவர் தேர்ந்த கைவினைஞர். 500 வந்ததும் அவர் நிறுத்துவதில்லை. 400, 200, ஜீரோ என்று இறங்கி, கோடு நேராக விழுகிறதா என்று பார்க்கிறார்.