இலை உதிர்த்த அலரி

ஈழத்தலரியைப் புகழ்வோரிற் பெரும்பாலோர் அதன் மலரைத்தான் புகழ்வர். எனக்கோ, தை மாதத்து வாடை ஓய்ந்து, நீண்ட இலைகளெல்லாம் பழுத்துக் கழன்ற பின்னர், மூதூர் கிழக்கிலுள்ள கட்டைபறிச்சான் வளவுகளின் வேலியோரத்திலே சாம்பல் நிறக் கொம்புகள் மாத்திரம் எஞ்சி நிற்க, அவற்றின் நுனிகளில் மாசிக் கடைசியில் தலைகாட்டும் மொட்டுக்கொத்தே அம்மரத்தின் முழுப் பெருமையும் என்று தோன்றுகிறது.

அந்த மொட்டைச் சற்று அருகே சென்று நோக்க வேண்டும். ஐந்து இதழ்களும் ஒரே பக்கமாக முறுக்குண்டு, வெளிப்புறத்தில் மெல்லிய செங்கோடு ஓட, மடித்த குடைபோல் இருக்கும். விரிந்த பின்னரும் ஒவ்வோர் இதழின் ஓரமும் அடுத்ததன் மேல் படிந்தே நிற்கும். கொத்து கொம்பின் நுனியிலேதான் பிறக்கும் என்பதையும், அது பூத்தபின் அக்கொம்பு மேலே நீளாது, கொத்துக்குக் கீழிருந்து இரண்டோ மூன்றோ கிளைகளாகப் பிரிந்து செல்லும் என்பதையும் கவனித்தவர்க்கு, மரத்திலுள்ள கவடுகள் பலவும் முன்னொரு பூப்பின் அடையாளங்களாகத் தெரியும். இலையடர்ந்த காலத்தில் இச்சரித்திரம் மறைந்துவிடும். முற்றத்துக்கு அழகு என்று கருதி மாசியில் நுனிகளைக் கத்தரிக்கிறவர்கள், அவ்வாண்டுப் பூவையும் சேர்த்தே கத்தரிக்கிறார்கள்.

எப்போதும் பசேலென்றிருக்கும் மழுங்கிய இலை வெள்ளை இனமே மேலானது என்று வாதாடும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. அவருடைய ரசனையை நான் மறுக்கவில்லை; ஆனால் உதிர்க்கத் தெரியாத மரத்திடம் பங்குனியை எதிர்பார்த்திருக்கும் சுகம் ஏது? அண்மைக் காலத்தில் பூங்கன்றுக் கடைகளை நிறைத்துள்ள பூடிகா என்னும் இனத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, உண்மைதான், பரிமளம் இல்லையே! நம் பழைய அலரியிலோ தேன் துளியும் கிடையாது. இரவிலே வலுக்கும் வாசனை ஒன்றையே காட்டி அந்துப்பூச்சிகளை அழைத்து ஏமாற்றும் அந்தச் சாதுரியத்துக்காகவே அதை மதிக்கலாம். மயானத்து மரத்தை வீட்டில் வைக்கலாகாது என்பாரும் உளர். விகாரைகளின் மலர்த்தட்டில் இடம்பெறுவதும் இதன் பூவே, கொழும்பிலே பிரதமரின் வாசஸ்தலம் அலரி மாளிகை என்று பெயர் பூண்டதும் இம்மரத்தால்தான் என்று அவர்களுக்குச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசத்தில் பிறந்து, சார்ள்ஸ் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரை 1753இல் லின்னேயஸ் வாயிலாகப் பெற்ற மரம், கச்சான் காற்றில் மண் வெடிக்கும் கொட்டியாரக் கரையிலே இவ்வளவு இயல்பாக வாழ்வது, தடித்த கொம்புகளில் நீரைச் சேமிக்கும் அதன் சுபாவத்தாலாகும். 2006இல் போரினால் மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்த பின்னர், நீரூற்றுவாரின்றிக் கிடந்த வளவுகளிலும் இது பிழைத்து நின்றது.

ஆகையால் இதனைக் கொல்வது வறட்சியன்று, நம் அன்புதான். பெரியவர்கள் முற்றிய சாம்பற்கொம்பை ஒரு முழத்துக்கு வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை ஒன்றிரண்டு கிழமை நிழலிலே சாய்த்து வைத்து, மணல் கலந்த மேட்டில் நட்டுவிட்டு, இலை துளிர்க்கும்வரை பேருக்குத்தான் நீர் தெளிப்பார்கள். இப்போதோ காலையில் வெட்டி மாலையில் நட்டு, நாள்தோறும் வாளி வாளியாக ஊற்றுகிறார்கள். அடி அழுகிச் சரிந்தவுடன், கன்று சரியில்லை என்று விற்றவனைக் குறை கூறுகிறார்கள். பசளையும் அவ்வாறே: அதிகமிட்டால் இலை கொழுக்கும், பூ குறையும். மாரியில் இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் துருப் படிந்தால், உதிர்ந்தவற்றைக் கூட்டி எரிப்பது நல்லது.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை வருத்துவது, "இலை கொட்டுகிறது, முற்றம் கூட்டி மாளவில்லை" என்று சொல்லி முதிர்ந்த மரங்களைத் தறிப்பதே. தறிக்கத்தான் வேண்டுமென்றால் தை கழியும்வரை பொறுத்து, இலை முற்றும் உதிர்ந்தபின் தறியுங்கள். கொம்புகளை எரித்துவிடாமல், கேட்கிற அயலவருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள்.