மலையேறும் சின்ன இன்வெர்ட்டர்

கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் குன்னூர் வரும் கேரவனில் எனக்கு மிகவும் பிடித்தது, இருக்கைக்கு அடியில் இருக்கும் சின்ன இன்வெர்ட்டர்தான். 12 வோல்ட் பேட்டரியை 230 வோல்ட்டாக்கித் தரும் அது, 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கிய மலையில் இன்னொரு குட்டி மின்நிலையம்.

லேப்டாப், போன், விளக்கு எல்லாம் சேர்ந்து 200 வாட் என்றால் 300 வாட் இன்வெர்ட்டர் வாங்குங்கள். ஏனென்றால், குன்னூரைத் தாண்டினால் வரும் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே மெலிந்த காற்று சூட்டைத் தணிக்கத் திணறும். குளிரில் பேட்டரியின் திறனும் குறையும். 300 வாட்டுக்கே 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் கேபிள் தடிமனாக, நீளம் குறைவாக இருக்கட்டும். பேட்டரியருகே ஃபியூஸ் கட்டாயம். விலை கூடினாலும் ப்யூர் சைன் வேவ் ரகமே நல்லது. எலக்ட்ரிக் கெட்டிலை மட்டும் இதில் மாட்டாதீர்கள். டீக்குக் கேஸ் அடுப்பே சரி.